வைரவரின் முதல் வெடி

எழுபத்தாறு வயதுவரை நான் துவக்கைத் தொட்டதில்லை. புத்தூரில் எங்கள் வீட்டு நடு அறைச் சுவரில், இரண்டு மரமுளைகளின் மேல், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓர் இரட்டைக்குழல் வேட்டைத் துவக்கு கிடந்தது. எங்களைப் பெற்ற ஐயாவின் தகப்பனார் வாங்கியது, ஐயாவுக்கு வந்தது, பிறகு அண்ணைக்கு வரவேண்டியது. எனக்கு அதில் பங்கும் இல்லை, ஆசையும் இல்லை. பதினான்கு வயதில் சமய தீட்சை பெற்ற நாளோடு நான் புலால் மறுத்தேன். விடியலில் பதிகம் ஓதுவதும், மாலையில் கோயிலில் பண்ணோடு பாடுவதும் என் தொழிலாயின. வயிற்றுக்காகப் படிப்பித்தது வேறு கதை. உயிரை எடுக்கும் ஒரு கருவி தொங்கும் சுவரைக் கடக்கும்போது நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கடப்பேன்.

ஆனால் கண்ணைத் தாழ்த்தியவனுக்கும் சில காட்சிகள் விலக்கில்லை. விசயதசமி நாளில் ஐயா துவக்கை முளையிலிருந்து இறக்கி, வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் மூன்று பகுதிகளாகப் பிரித்து வைப்பார். குழல்கள் ஒன்று, குழல்களின் கீழே கை தாங்கும் மரம் ஒன்று, தோளில் அணையும் பிடங்கு ஒன்று. எண்ணெய்த் துணியால் குழலைத் துடைக்கும்போது அதன் மேனியில் ஒரு கோலம் எழும். இரும்பையும் உருக்கையும் கம்பியாக நீட்டி, முறுக்கி, சுற்றி, தட்டி ஒன்றாக்கிய குழல் அது. நீர் வற்றிய தரவையில் அலை விட்டுப்போகும் வரிகளைப் போல, வெள்ளியும் கருமையுமாய் வரி மேல் வரி. அதை வரைந்தவர் எவருமில்லை; நெருப்பும் சம்மட்டியும் தாமே எழுதிக்கொண்ட எழுத்து. குருக்கள் தீபத்தைச் சுற்றும்போது கருங்கல் மூர்த்தத்தின் தோளில் ஒளி வழுகுமே, அப்படி அந்த வரிகளில் ஒளி வழுகியதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததற்காக என்னையே கடிந்தும் இருக்கிறேன்.

குழலின் அடியில், இருபுறமும் இரும்புத் தகடுகளில் செதுக்கு வேலை. இடப்புறம் நாணலிலிருந்து எழும்பும் ஒரு தாரா வாத்து. வலப்புறம் முன்காலைத் தூக்கி, மூக்கை நீட்டி நிற்கும் ஒரு நாய். எங்கேயோ குளிர்தேசத்தில் இருந்த ஒரு கைவினைஞன் தன் ஊர் வேட்டைநாயைத்தான் செதுக்கியிருப்பான். ஐயாவோ அதைக் கண்ட முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டாராம். அவருக்கு அது வைரவரின் வாகனம். ஆண்டுதோறும் அந்த நாயின் நெற்றியில் ஊசிமுனை அளவு சந்தனம் வைப்பார். "வெள்ளைக்காரன் தெரியாமல் செய்தாலும் சரியாச் செய்திருக்கிறான்" என்பார்.

அந்த நாய்தான் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றுக்குக் காரணம். வளவின் கிழக்கு மூலையில், நாவல் மரத்தின் கீழே, எங்கள் குடும்ப வைரவர் இருந்தார். ஒரு கல்லும் அதில் நட்ட சூலமும்தான். மாரி தொடங்கி, வடக்கிலிருந்து பறவைகள் கடல் நீரேரிக்கு வந்து இறங்கும் காலத்தில், வேட்டைக்கு முதல் நாள் மாலை ஐயா வைரவருக்கு மடை வைத்து, வடைமாலை சாத்தி, சூலத்தின் அடியில் ஒரேயொரு தோட்டாவை வைப்பார். அது வைரவரின் தோட்டா. மறுநாள் விடியலில் அதுதான் முதலில் வெடிக்கும். அதுவும் பறவையை நோக்கி அல்ல. வெறும் வானத்தை நோக்கி.

கோப்பாயில் வழக்காடும் பிரக்கிராசியார் ஒருவர் இருந்தார். நீதிமன்றத்திலும் வேட்டைத் தரவையிலும் தோற்றறியாதவர். சீமையிலிருந்து வரவழைத்த புதுமாதிரித் துவக்கு வைத்திருந்தார். ஐயாவின் துவக்கைப் போல அதன் வெளியே குதிரைகள் இல்லை, எல்லாம் உள்ளுக்குள்ளேயே. குதிரை என்றால் தோட்டாவைத் தட்டும் சிறு சுத்தியல். ஐயாவின் துவக்கில் அவை இரண்டு காதுகளைப் போல மேலே நிமிர்ந்து நிற்கும்.

"உது என்ன, முயலோ துவக்கோ?" என்று அவர் ஐயாவின் துவக்கைக் கேலி செய்வார். அண்ணையைக் கண்டால் இன்னும் கூடும். "தம்பி, உங்கடை கொப்பர் பறவையளுக்குத் தந்தி அடிச்சுப்போட்டு எல்லோ சுடுறார். நான் அரை மணித்தியாலம் சேத்துக்கை குந்தியிருப்பன். மனிசன் வந்து டுமீல் எண்டு ஆகாயத்துக்கு ஒண்டு விடுவார். என்ரை தாராவும் போச்சு, அவற்றை தாராவும் போச்சு."

"பறக்கிறதைச் சுட ஏலாதவை அப்பிடித்தான் சொல்லுவினம்" என்பார் ஐயா.

பிரக்கிராசியாருடைய ஏளனத்தை நான் வெகுகாலம் கேட்டிருந்தும், அந்த முதல் வெடியைக் கண்டது ஒரே ஒரு நாள்தான். எனக்கு அப்போது இருபது வயது. அண்ணைக்குக் காய்ச்சல். தோட்டாப் பை சுமக்க ஆளில்லை. "சுட வேண்டாம், சுமந்தால் காணும்" என்று ஐயா கேட்டபோது மறுக்க நா எழவில்லை. புத்தூருக்குக் கிழக்கே, மீசாலைக்குப் போகும் வீதி நீர்வெளியில் இறங்கும் இடம்வரை சைக்கிளில் போனோம். பிறகு கணுக்காலளவு குளிர்நீரில் நடந்தோம். வானம் வெளுக்கும் நேரம். எதிரே நீரின் மேல் கறுப்பாய், நீண்டு, ஒரு திட்டுப் போல ஏதோ தெரிந்தது. புல்திட்டு என்றே நினைத்தேன்.

ஐயா வைரவரின் தோட்டாவை இடக்குழலில் இட்டு மூடினார். குழல் மூடிய ஒலி எனக்கு இன்றும் காதில் இருக்கிறது: கனத்த, சுத்தமான, ஒற்றைச் சொல் போன்ற ஒலி. துவக்கை வானத்துக்கு உயர்த்தினார். வெடித்தது.

திட்டு எழுந்தது.

அதை வேறு எப்படிச் சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நீரின் மேல் கிடந்த கருமை முழுவதும் ஒரே மூச்சில் நீரைவிட்டு எழுந்து, உயிராகிப் பரந்தது. கிளுவையும் சிறகியும் ஊசிவால் தாராவும் ஆயிரமாயிரம். சிறகடி ஓசை முதலில் மழைபோல வந்து, பிறகு தேர்வடம் பிடிக்கும் சனத்தின் ஆரவாரம்போல வளர்ந்து, என் நெஞ்செலும்பில் முட்டியது. அப்பால், இன்னும் தூரத்தில், பூநாரைகள் எழுந்தன. அவை சிறகை விரித்தபோது சிறகின் அடியிலிருந்த செம்மை, இன்னும் உதிக்காத சூரியனை முந்திக்கொண்டு வானத்தில் படர்ந்தது. அடியும் முடியும் காணவொண்ணாதது என்று நாள்தோறும் வாயால் பாடிக்கொண்டிருந்தவன் நான். அன்று சேற்றில் முழங்கால் இட்டேன். கைகள் தாமே தலைக்கு மேல் போயின. தோட்டாப் பை நீரில் விழுந்ததையும் நான் அறியவில்லை.

ஐயா கோபிக்கவில்லை. பையை எடுத்து உதறினார். "துவக்கு வைச்சிருக்கிறவன் முதலிலை சொல்லிப்போட்டுத்தான் சுட வேணும்" என்றார். "அவை கேக்கவேணும். கேட்டுப் பறக்கவேணும். அதுக்குப் பிறகு என்ரை கைக்கு வாறது வரட்டும்."

நனையாத இரண்டு தோட்டாக்கள் மட்டும் எஞ்சியிருந்தன. வளைந்து திரும்பிய கூட்டத்தில் இரண்டு தாராக்களை அவர் வீழ்த்தினார். துவக்கு அவர் தோளில் ஏறியதையோ கண் குறி பார்த்ததையோ நான் காணவில்லை. உடம்பு முழுவதும் ஒரே வட்டமாய்த் திரும்பியதை மட்டும் கண்டேன். பறவைகள் விழுந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த வேதனையும் அந்த வியப்பும் எனக்குள் இன்றுவரை சேர்ந்தே இருக்கின்றன. ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க முடிந்ததில்லை. அம்மா வழக்கம்போலத் தாராவை அடுக்களைக்குள் எடுக்க விடவில்லை. வெளிக் கொட்டிலில், வேறு சட்டியில் சமைத்து, தலை முழுகிய பிறகே ஐயா வீட்டுக்குள் வந்தார்.

பிறகு நாட்டில் கலவரம் மூண்டது. அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருந்தவர்கள் யாவரும் துவக்கையும் தோட்டாக்களையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டுமென்று கட்டளை வந்தது. அது பறவைகள் இறங்கும் மாதம். வைரவரின் தோட்டா கட்டளை வந்த அன்று மாலைதான் சூலத்தடியில் வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் அது வெடிக்கவில்லை.

துவக்கைக் கொண்டுபோனவர் அண்ணை. ஐயா வாசல்வரை வந்தார். அண்ணை சைக்கிளில் ஏறாமல் நின்று, "ஐயா, இதை நான் திருப்பிக் கொண்டந்து தருவன்" என்றார். "கொண்டு வா" என்றார் ஐயா. அவ்வளவுதான். அதற்குப் பின் பல ஆண்டுகள் ஐயா இருந்தார். அந்த இரு முளைகளில் ஒரு நாட்காட்டியைக்கூட மாட்ட விடவில்லை. ஊரே பெயர்ந்தபோது பெயர்ந்து, திரும்பியபோது திரும்பி, கூரையில்லாத வீட்டில் அந்தச் சுவர் மட்டும் நிற்பதைக் கண்டு, முளைகளைத் தடவிப் பார்த்தவர். இறக்கும் வரையில் அண்ணையிடம் அவர் துவக்கைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அண்ணைக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இந்த ஆண்டு, பங்குனி மாதத்தில், எங்கள் பகுதிக் கிராம அலுவலர் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு வந்து ஒரு செய்தி சொன்னார். அந்நாளில் ஒப்படைக்கப்பட்ட வேட்டைத் துவக்குகள் சில, ஒரு களஞ்சியத்தில் கிடந்து வெளிப்பட்டிருக்கின்றனவாம். உரியவர்களோ வாரிசுகளோ ஒப்படைத்தபோது தந்த பற்றுத்துண்டைக் காட்டி அடையாளம் சொல்லலாம். வெள்ளிக்கிழமையோடு தவணை முடியும். எஞ்சியவற்றை அறுத்து உருக்கிவிடுவார்கள். அன்று ஞாயிறு.

அண்ணைக்கு எண்பத்தொன்று. அண்ணி போன பிறகு என்னோடுதான் இருக்கிறார். கண் பார்வை ஏறக்குறைய முற்றாகப் போய்விட்டது. வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் தெரியும். செய்தியைக் கேட்டு அவர் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"துண்டு எங்கை, அண்ணை? இடப்பெயர்விலை துலைஞ்சு போச்சோ?"

"துலையேல்லை. இருக்கு."

"எங்கை?"

"வைரவரிட்டை."

"வைரவரிட்டை எண்டால்?"

"அவருக்குக் கீழை. துவக்கைக் குடுத்த அண்டைக்கே தாட்டனான். வாயகண்ட மருந்துப் போத்தல் ஒண்டுக்கை துண்டைச் சுருட்டி வைச்சு, மெழுகு உருக்கி ஊத்தி..." சற்றுத் தயங்கினார். "அந்தத் தோட்டாவும் அதுக்கைதான் கிடக்கு. எல்லாத் தோட்டாவையும் குடுத்தனான். அது ஒண்டைக் குடுக்கேல்லை. அது எங்கடை இல்லையெல்லோ. வைரவரின்ரை."

அவர் எதிரே உட்கார்ந்தேன். "போத்தலைச் சிவப்புப் பட்டுத்துண்டாலை சுத்தினீங்களோ?"

"ஓம். அவருக்குச் சாத்தியிருந்த பட்டு. கைக்கு வந்தது அதுதான்."

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த வைரவருக்குச் சிறு கோயில் எழுப்பியவன் நான். அத்திவாரம் வெட்டும்போது மேசன் சூலத்தின் அடியிலிருந்து சிவப்புப் பட்டில் சுற்றிய ஒன்றை எடுத்தார். பிரித்துப் பார்க்கப் போனவரின் கையை நான் தட்டிவிட்டேன். முன்னோர் எழுந்தருளச் செய்த யந்திரம் என்று என் உள்ளம் உடனே சொல்லிற்று. குருக்களும் தொட்டுப் பார்த்து, "உருளையாக் கிடக்குது, சுருட்டின செப்புத் தகடாத்தான் இருக்கும்" என்றார். நான் அதற்குப் பாலும் பன்னீரும் தெளித்து, பூச்சூட்டி, பீடத்தின் நடுக்குழியில் பொன்னும் மணியும் இட்ட இடத்தில் இருத்தி, அதன் மேல் மூர்த்தத்தை நிறுத்தி, எண்வகை மருந்தும் இடித்துச் சாத்திக் குடமுழுக்குச் செய்வித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலிலும் அந்தப் பீடத்தின் முன்னின்று பதிகம் பாடி வருகிறேன்.

"அண்ணை, நீங்கள் அப்ப பக்கத்திலை நிண்டனீங்கள். ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"நீ அதைத் தலையிலை வைச்சுக்கொண்டு மூண்டு தரம் சுத்தி வந்தாய். கண்ணாலை தண்ணி ஓடுது. நான் என்னெண்டு சொல்லுறது, தம்பி, அது பொலிசுத் துண்டெண்டு?"

"உள்ளுக்கை சிரிச்சிருப்பியள்."

"சிரிக்கேல்லை. நானும் கும்பிட்டனான்."

குருக்களை அழைத்துக் கேட்டேன். மருந்து சாத்திய மூர்த்தத்தை அசைப்பதானால் அவரை முதலில் வேறொரு கும்பத்தில் எழுந்தருளச் செய்யவேண்டும். அதற்கு நாள் வேண்டும். நல்ல நாள் பதினொரு நாள்களுக்கு அப்பால். துவக்குக்கோ ஐந்து நாள்தான். அவர் போன பிறகு நான் தனியே வைரவர் முன் உட்கார்ந்திருந்தேன். உள்ளே, சாய்நாற்காலியில், அண்ணை ஒன்றும் கேட்காமல் இருந்தார். ஐயாவும் அப்படித்தான் கேட்காமல் இருந்தார். வாழ்நாள் முழுதும் விதி பிசகாமல் வழிபட்டவன் நான். அன்று மாலை கொட்டிலுக்குப் போய்க் கல் பெயர்க்கும் அலவாங்கை எடுத்து வந்தேன். பீடத்தின் விளிம்பில் அதன் கூர்முனையை வைத்தேன். மன்னிப்புக் கேட்கும் பாட்டு ஒன்றும் வாயில் வரவில்லை.

இரும்பு கல்லில் பட்ட ஒலி அண்ணைக்குக் கேட்டுவிட்டது. சுவரையும் மரத்தையும் தடவித் தடவி வந்து சேர்ந்தார்.

"என்னடா செய்யிறாய்?"

அவர் குனிந்து தடவி, அலவாங்கைப் பிடித்தார்.

"உதை வை. ஐயாவின்ரை துவக்குக்காக ஐயாவின்ரை வைரவரை இடிக்கிறதோ? மனிசன் எழும்பி வந்து எனக்குத்தான் அடிப்பார்."

"அப்ப துண்டு?"

"துண்டு கிடக்கட்டும். நாளைக்கு என்ரை கையைக் கொண்டு போவம்."

மறுநாள் ஓட்டோ ஒன்றில் யாழ்ப்பாணம் போனோம். நீண்ட மண்டபம். மேசைகளை வரிசையாகச் சேர்த்து அவற்றின் மேல் துவக்குகளைக் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் அட்டைத்துண்டு. ஒற்றைக்குழல், இரட்டைக்குழல், குழல் மட்டும், பிடங்கு மட்டும். கறள் பிடித்து, கறையான் தின்று, சிலந்தி கட்டி, நூற்றுக்கு மேல் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் நடு அறைச் சுவரிலிருந்து இறங்கி வந்தது. எத்தனை சுவர்கள் இன்று இல்லை, எத்தனை வீட்டார் எந்தத் தேசத்தில் என்று எண்ணியபோது கோயிலுக்குள் நுழைந்தவன்போல என் குரல் தானாய் அடங்கிற்று. தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

பொறுப்பதிகாரி தெற்கிலிருந்து வந்தவர். நடுத்தர வயது. தமிழ் மெதுவாகப் பேசினார். "துண்டு இல்லாமல் ஏலாது, ஐயா."

"துண்டு இருக்கு" என்றார் அண்ணை. "எடுக்க ஏலாது. அதுக்கு மேலை சாமி இருக்கிறார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். தோட்டாவை மட்டும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது என் மனத்தில் உறுத்திக்கொண்டேயிருந்தது. அவர் சிரிக்கவில்லை. சற்று யோசித்து, "சரி. எது என்று காட்டுங்கள், பார்ப்பம்" என்றார்.

அண்ணை முதல் மேசையின் மூலையில் கையை வைத்தார். பார்வை இழந்த அந்தக் கைகள் ஒரு துவக்கிலிருந்து அடுத்ததற்குப் போவதை நான் பின்னால் நடந்து பார்த்தேன். விரலால் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை. அவ்வளவில் அது இன்னதென்று தெரிந்துவிடும். "இது ஒற்றைக்குழல்... இது நாட்டுத் துவக்கு... இதுக்குக் குழல் வெடிச்சிருக்கு, ஆரோ மண் கிடக்கச் சுட்டிருக்கிறான்." இரண்டாவது மேசையில் நின்றார். இரண்டு கைகளாலும் ஒன்றைத் தடவினார். "தம்பி, இதுக்கு வெளியிலை குதிரை இல்லை. இது பிரக்கிராசியாற்றை." ஒரு கணம் உள்ளங்கையை அதன் மேல் வைத்திருந்தார். "பாவம். இவருக்கு ஆரும் வரேல்லை."

நான்காவது மேசையின் நடுவில் அவர் கை நின்றது. முதலில் குதிரைகள் இரண்டையும் தொட்டார். பிறகு வலப்புறத் தகட்டுக்குப் போனார். பெருவிரல் நகத்தால் ஏதோ ஒரு கோட்டைச் சுரண்டினார். நகத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கறளுக்குள்ளிருந்து மஞ்சளாய் ஒரு பொடி. நாயின் நெற்றியில் ஆண்டாண்டாய் வைத்த சந்தனம்.

"திறக்கலாமோ?" என்று அதிகாரியைக் கேட்டார். அவர் தலையசைத்ததைக் கண்டு நான் "ஓம்" என்றேன். அண்ணை பூட்டைத் தள்ளினார், அசையவில்லை. இன்னொரு முறை. குழல்கள் தாழ்ந்தன. மறுபடி மூடினார். கனத்த, சுத்தமான, ஒற்றைச் சொல். சேற்று நீரில் இருபது வயதில் நான் கேட்ட அதே ஒலி. நடை சாத்தும்போது மூலஸ்தானக் கதவின் தாழ் விழுமே, அந்த முடிவோடு அது மண்டபத்தில் விழுந்தது.

"இதுதான்."

"நான் எப்பிடி நம்புறது?" அதிகாரி கேட்டது ஏளனமாக அல்ல. "வேறை ஆக்களும் வந்து கேக்கலாம்தானே."

"பிடங்கின்ரை அடித்தகட்டைக் கழட்டிப் பாருங்கோ. ரெண்டு ஆணி. மரத்தை உள்ளை குடைஞ்சிருக்கும்." அண்ணை நிமிர்ந்து நின்றார். "அதுக்கை திருநீறு இருக்கும்."

நான் திடுக்கிட்டேன். எழுபத்தாறு ஆண்டுகளில் நான் அதை அறிந்ததில்லை.

ஆணிகள் கறளில் இறுகிப்போயிருந்தன. எண்ணெய் விட்டுக் காத்திருந்தார்கள். ஒருவர் திருப்புளியால் முதலாவதைக் கழற்றினார். இரண்டாவது முனகிக்கொண்டு வந்தது. தகட்டை நீக்கியதும், குடைவின் வாயில் அடைத்திருந்த துணி பொடிப்பொடியாய் உதிர்ந்தது. அதிகாரி பிடங்கைச் சரித்தார்.

வெண்மையாய், உலர்ந்ததாய், நேற்றுத் திருநீற்று மடலிலிருந்து எடுத்ததுபோல, நீறு மேசையில் கொட்டியது.

அதிகாரி சட்டென்று மேசையிலிருந்த வெற்றுத் தாள் ஒன்றை எடுத்துப் பிடங்கின் கீழே பிடித்தார், மிச்சம் நிலத்தில் சிந்தாதபடி. மேசையில் விழுந்ததையும் இன்னொரு தாளின் ஓரத்தால் கூட்டி அதிலேயே சேர்த்தார். அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

"சிவராத்திரியோடை பறவையள் திரும்பிப் போயிடும்" என்று அண்ணை அவருக்கு விளங்கப்படுத்தினார். "அண்டைக்குக் கோயில் திருநீறு கொண்டுவந்து ஐயா இதுக்கை நிரப்புவார். வெடிக்கேக்கை இந்த இடந்தான் தோளிலை இடிக்கும். அந்த இடத்திலை எங்கடை ஆக்கள் திருநீறு பூசுறது. ஒவ்வொரு வெடிக்கும் சிவன் தோளிலை இடிச்சுக் கேக்கவேணுமாம், இது தேவையோ எண்டு."

எந்த ஐயாவைப் புலால் உண்பவர் என்று உள்ளுக்குள் ஒரு படி தாழ்த்தி வைத்திருந்தேனோ, அவர் தம் வேட்டையின் அடியில் நீற்றை வைத்திருந்தார். நீறு பூசிய நானோ யந்திரமென்று தலையில் சுமந்து நின்றது ஒரு தோட்டாவை. அண்ணையின் கையைத் தேடிப் பிடித்தேன்.

"துவக்கைச் சுட ஏலாதமாதிரிச் செய்துதான் தரலாம்" என்றார் அதிகாரி. "ஊசியைக் கழட்டவேணும். சமாதான நீதவான் ஒருவரின் கடிதமும் வேணும்."

"கழட்டுங்கோ. சுடுறதுக்குக் கேக்கேல்லை" என்றார் அண்ணை.

குதிரை தட்ட, தோட்டாவைக் குத்தும் ஊசிகளை எங்கள் கண்முன்னேயே கழற்றினார்கள். கடிதத்தோடு வெள்ளிக்கிழமை திரும்பப் போய்க் கையொப்பமிட்டு வாங்கினோம். அதிகாரி திருநீற்றுத் தாளை மடித்து, மேலே துவக்கின் இலக்கத்தை எழுதி வைத்திருந்தார். அரசாங்க முத்திரை பொறித்த தாளில் ஐயாவின் நீறு எங்களோடு ஊர் வந்தது.

வீட்டில் அண்ணை பிடங்கை என் மடியில் வைத்தார். "எனக்கு ஆணி தெரியாது. நீ பூட்டு."

அப்படித்தான் எழுபத்தாறாவது வயதில் நான் துவக்கைத் தொட்டேன். நினைத்ததைவிடக் கனம். மரம் குளிர்ந்திருந்தது. தாளிலிருந்த நீற்றில் ஒரு சிட்டிகை எடுத்து அண்ணையின் நெற்றியிலும் என் நெற்றியிலும் இட்டு, மிச்சத்தைக் குடைவில் நிரப்பி, புதுத் துணி அடைத்து, தகட்டை வைத்து இரண்டு ஆணிகளையும் முறுக்கினேன். அண்ணை துவக்கை வாங்கி, சுவரைத் தடவி, முளைகளைக் கண்டு, அதை ஏற்றினார். ஓர் அங்குலம்கூடத் தவறவில்லை. குழலிலிருந்து கையை எடுக்காமலே, "ஐயா, கொண்டந்திட்டன்" என்றார். பிறகு நெடுநேரம் அங்கேயே நின்றார். நான் நாற்காலியைக் கொண்டுபோய் அவர் பின்னால் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் விடியலில் வழக்கம்போல வைரவர் முன் நின்று பதிகம் தொடங்கினேன். முதல் பாட்டின் நடுவிலேயே அடியை விட்டுவிட்டேன். பீடத்தின் கீழே, பொன்னுக்கும் மணிக்கும் நடுவில், சிவப்புப் பட்டுக்குள், இன்னும் வெடிக்காமல் அந்தத் தோட்டா. எந்தப் பறவைக்கும் உரியதல்லாத, வானத்துக்கு மட்டும் உரிய வெடி. அதைக் குருக்களுக்கும் அதிகாரிக்கும் சொல்லி, நல்ல நாளில் முறைப்படி எடுத்து ஒப்படைப்பதென்று அண்ணையும் நானும் முடிவு செய்திருந்தோம். அதுவரை அது அங்கேதான். நினைக்க நினைக்க, நீர்வெளி முழுவதும் ஒரே மூச்சில் எழுந்த அந்த விடியல் என் முன்னே எழுந்தது. கண் நிறைந்தது. விட்ட அடியை, என்னையும் மீறி, உச்சத்தில் எடுத்தேன்.

நாவல் மரத்தடியில் தடியை ஊன்றிக்கொண்டு நின்ற அண்ணை கையை உயர்த்தினார்.

"மெல்லப் பாடடா, தம்பி. கீழை வெடி கிடக்கு."